மடியில் கனத்தை வைத்தது யார்?



இது நீளமான பதிவு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு உட்கார்ந்து படியுங்கள். திட்டுவதாக இருந்தாலும் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள். ஐந்தாம் வகுப்பில் உங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த பழக்கம்தான் அது.

செல்போன் உளவு, கம்ப்யூட்டர் உளவு என்று நம் குழுக்களில் செய்தி வரும்போதெல்லாம் ஒரே பழமொழி வந்து விழுகிறது: "மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை." பெங்களூரில் வேலை பார்க்கும் என் மாணவனும் அதைத்தான் போடுகிறான், என் தம்பி மகனும் அதைத்தான் போடுகிறான். "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் டீச்சர்? என் போனை எட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் தூக்கம் வரும்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இருபது சிரிப்புப் பொம்மைகள்.

இந்தப் பழமொழியை நானும் பல வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். நல்ல பழமொழிதான். ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. என் மடியில் இருப்பது நான் வைத்தது மட்டும்தான் என்கிற நம்பிக்கை. காசை இடுப்பில் முடிந்துகொண்டு சந்தைக்கு நடந்த காலத்தில் அது சரி. இன்றைக்கு நம் மடி என்பது செல்போனும் லேப்டாப்பும். அதற்குள் எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருவன் நமக்குத் தெரியாமல் கையை விடலாம். கையை விட்டவன் எடுக்க மட்டும்தான் செய்வான் என்று யார் சொன்னது? வைக்கவும் செய்யலாம். வைத்துவிட்டுப் போலீஸை அனுப்பினால், "மடியில் கனம் இருக்கிறதே" என்று முதலில் சொல்கிற ஆள் நாமாகத்தான் இருப்போம்.

கற்பனை செய்து பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில், நம் காலத்தில் நடந்ததாக நிபுணர்கள் எழுதிக் கொடுத்த விஷயத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

மகாராஷ்டிராவில் பீமா கோரேகான் என்று ஒரு ஊர். 2018 ஜனவரி 1 அன்று அங்கே கலவரம் நடந்தது. அதற்கு முந்தின நாள் புனேவில் நடந்த எல்கார் பரிஷத் கூட்டத்தை வைத்து ஒரு வழக்குப் போட்டார்கள். வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், கவிஞர், பாதிரியார் என்று 16 பேர் அடுத்தடுத்துக் கைதானார்கள். மாவோயிஸ்டுகளோடு சேர்ந்து சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பிரதமரைக் கொல்வது பற்றிப் பேசும் கடிதம் ஒன்று கிடைத்தது என்று டிவியில் எல்லாம் ஓடியது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடிதம் எங்கே கிடைத்தது? ரோனா வில்சன் என்பவருடைய கம்ப்யூட்டரில். சிறையில் இருக்கும் அரசியல் கைதிகளுக்காக டெல்லியில் வேலை செய்துகொண்டிருந்தவர் அவர். 2018 ஏப்ரல் 17 அன்று அந்தக் கம்ப்யூட்டரைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. ஜூன் மாதம் அவரைக் கைது செய்தது.

அவருடைய வழக்கறிஞர்கள் அந்த ஹார்ட் டிஸ்கின் நகலை அமெரிக்காவில் ஆர்சனல் கன்சல்டிங் என்கிற தடயவியல் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 2021 பிப்ரவரியில் அவர்களுடைய அறிக்கை வெளியே வந்தது. அதில் இருப்பதை வகுப்பில் சொல்வது மாதிரி வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று. 2016 ஜூன் 13 அன்று, வில்சனுக்குத் தெரிந்தவரான கவிஞர் வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து ஒரு கோப்பு வருகிறது. திறந்து பார்க்கச் சொல்லித் திரும்பத் திரும்ப மெயில் வருகிறது. பழகிய மனிதர் சொல்கிறாரே என்று வில்சன் திறக்கிறார். கண்ணுக்குத் தெரிந்தது ஒரு சாதாரண ஆவணம். தெரியாமல் உள்ளே இறங்கியது நெட்வயர் என்கிற உளவு மென்பொருள். அதை அனுப்பியவன் அந்தக் கணக்கைப் பயன்படுத்திக்கொண்ட வேறு ஒருவன்.

இரண்டு. அன்றிலிருந்து 22 மாதம், அந்தக் கம்ப்யூட்டர் வேறு ஒருவன் கையில் இருந்தது. அவர் என்ன தட்டச்சு செய்கிறார், என்ன பாஸ்வேர்ட் போடுகிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று எல்லாமே அவனுக்குப் போனது.

மூன்று. அதே வழியாக, மறைத்து வைக்கப்பட்ட ஒரு ஃபோல்டருக்குள் கடிதங்கள் ஒவ்வொன்றாக இறக்கப்பட்டன. முதல் அறிக்கையில் பத்துக் கடிதம். பிறகு வந்த அறிக்கையில் இன்னும் இருபதுக்கு மேல்.

நான்கு. வில்சன் அந்தக் கடிதங்களை ஒரு தடவைகூடத் திறந்ததற்குத் தடயம் இல்லை.

ஐந்து. அந்தக் கடிதங்கள் வேர்டு மென்பொருளின் 2010 அல்லது 2013 பதிப்பில் தயாரானவை. அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது 2007 பதிப்பு.

பிள்ளைகளே, பரீட்சை நேரத்தில் ஒருவன் ஜாமெட்ரி பாக்ஸில் பிட் பேப்பர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடனே அவனைப் பிடித்து வெளியே தள்ளுகிறவர் ஆசிரியர் ஆகமாட்டார். கையெழுத்து யாருடையது என்று பார்க்க வேண்டும். பேனா மை அவன் பேனாவில் இருக்கிற மையா என்று பார்க்க வேண்டும். அவன் அதை வெளியே எடுத்தானா, பிரித்தானா, விடைத்தாளில் அதிலிருந்து ஏதாவது எழுதினானா என்று பார்க்க வேண்டும். இண்டர்வெல்லில் அந்தப் பெட்டி யார் கையில் இருந்தது என்று விசாரிக்க வேண்டும். ஒன்பது வயதுப் பையனின் பிட் பேப்பருக்கே இத்தனை கேள்வி உண்டு. மனிதர்களை வருஷக்கணக்கில் சிறையில் வைக்கிற ஒரு வழக்கில், கையெழுத்து வேறு, மை வேறு, பெட்டி 22 மாதம் வேறு ஒருவன் கையில் என்று ஒரு நிபுணர் எழுதிக் கொடுத்தால், அதை எடுத்துப் பார்க்க நம் அமைப்புக்கு எவ்வளவு காலம் வேண்டும்? ரோனா வில்சனுக்கு பாம்பே உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது 2025 ஜனவரியில். கைதாகி ஆறரை வருஷம். அன்றைக்கும் வழக்கு விசாரணை ஆரம்பித்திருக்கவில்லை.

அடுத்து நம் மாவட்டத்துக்காரர் ஒருவரைப் பற்றி. நம் திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்தவர் ஸ்டான் சுவாமி. இயேசு சபைத் துறவி. ஜார்க்கண்டுக்குப் போய், பழங்குடி மக்களின் நிலத்துக்காகவும், நக்சல் என்று பெயர் சூட்டி விசாரணை இல்லாமல் உள்ளே போடப்பட்ட பழங்குடி இளைஞர்களுக்காகவும் பல வருஷம் வேலை செய்தவர். 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைதானார். வயது 83. பார்க்கின்சன் நோய். டம்ளரைப் பிடிக்கக் கை நடுங்கும். உறிஞ்சிக் குடிக்கும் ஸ்ட்ராவும் சிப்பர் கப்பும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல தேசிய புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. ஒரு ஸ்ட்ராவுக்கு 20 நாள்! என் கட்சி, உன் கட்சி என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் தாத்தாவை மனதில் வைத்து இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். 2021 ஜூலை 5 அன்று, மும்பையில் ஒரு மருத்துவமனையில், விசாரணைக் கைதியாகவே இறந்தார். அவருடைய ஜாமீன் மனு அன்றைக்கும் உயர் நீதிமன்றத்தின் முன்னால் இருந்தது.

அவர் இறந்து ஒன்றரை வருஷம் கழித்து, 2022 டிசம்பரில், அவருடைய கம்ப்யூட்டர் பற்றிய ஆர்சனல் அறிக்கை வந்தது. 2014 அக்டோபரிலிருந்து 2019 ஜூன் வரை அதற்குள் ஆள் இருந்திருக்கிறது என்றது அறிக்கை. 40-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் வெளியிலிருந்து உள்ளே வைக்கப்பட்டன என்றது. இன்னொரு விஷயமும் அதில் இருக்கிறது. 2019 ஜூன் 11 இரவு, உள்ளே இருந்த ஆள் தன் தடயங்களை அவசர அவசரமாக அழிக்கிறான். மறுநாள், ஜூன் 12, புனே போலீஸ் வந்து கம்ப்யூட்டரைப் பறிமுதல் செய்கிறது.

நாளைக்குப் போலீஸ் வருகிறது என்று அந்தத் திருடனுக்குச் சொன்னது யார்?

துப்பறியும் நாவல் படிக்கிற எந்தப் பிள்ளையும் கேட்கும் கேள்வி இது. இதற்கு இன்றுவரை பொதுவெளியில் பதில் இல்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆர்சனல் அறிக்கைகள் குற்றம்சாட்டப்பட்டவர்களின் தரப்பு கேட்டு வாங்கியவை. அவை நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு வந்ததில்லை. தேசிய புலனாய்வு முகமை அவற்றை ஏற்கவில்லை. உள்ளே புகுந்தவன் இன்னார் என்று ஆர்சனல் பெயர் சொல்லவும் இல்லை. 2022இல் சென்டினல்ஒன் என்கிற பாதுகாப்பு நிறுவனம் இதே கூட்டத்தின் வேலையைப் பல வருஷம் பின்னோக்கித் தேடி ஓர் அறிக்கை போட்டது. ஊடுருவப்பட்ட சில மின்னஞ்சல் கணக்குகளுக்கும் புனே போலீஸ் அதிகாரி ஒருவருக்கும் தொடர்பு இருப்பதாக அந்த ஆய்வாளர்கள் சொன்னதை அமெரிக்காவின் வயர்டு இதழ் அதே வருஷம் ஜூனில் வெளியிட்டது. இதுவும் குற்றச்சாட்டுத்தான், தீர்ப்பு ஆகாது.

சரி, தீர்ப்பு ஆகாது. அப்படியானால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாமா? அறிக்கை பொய் என்றால் இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பிப் பொய் என்று நிரூபிக்கலாமே? "காசு கொடுத்து வாங்கிய அறிக்கை" என்று ஒரு உறவினர் சொன்னார். அண்ணே, காசு வாங்காமல் எந்த ஆய்வகம் வேலை பார்க்கும்? அறிக்கையில் சொன்ன தேதி சரியா, கோப்பு அங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை முதல் அறிக்கையைச் சம்பந்தமில்லாத மூன்று நிபுணர்களிடம் கொடுத்துக் கேட்டது. முடிவுகள் சரியாக இருக்கின்றன என்று அவர்கள் சொன்னார்கள். ஒரு பத்திரிகைக்குத் தோன்றிய சந்தேகம் ஒரு நாட்டின் விசாரணை அமைப்புக்குத் தோன்ற வேண்டாமா?

"அவர்கள் எல்லாம் பெரிய போராளிகள் டீச்சர். நம்மை யார் குறிவைக்கப் போகிறார்கள்?" இது அடுத்த கேள்வி. இதற்கு நம் நாட்டிலிருந்தே இன்னொரு கதை இருக்கிறது.

2009 மார்ச்சில் கனடா ஆய்வாளர்கள் கோஸ்ட்நெட் என்று ஓர் உளவு வலையைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 103 நாடுகளில் 1,295 கம்ப்யூட்டர்கள் அதில் மாட்டியிருந்தன. தரம்சாலாவில் இருக்கும் தலாய் லாமாவின் அலுவலகமும் அதில் ஒன்று. கட்டுப்படுத்திய கணினிகளில் பெரும்பாலானவை சீனாவில் இருந்தன. தன் வேலை இல்லை என்று சீன அரசு மறுத்தது. அந்த அறிக்கையில் ஒரு திபெத்தியப் பெண்ணைப் பற்றி வருகிறது. தரம்சாலாவில் ஒரு தொண்டு அமைப்பில், இணையத்தில் அரட்டை வழியாகத் திபெத் பற்றிப் பேசுகிற வேலை. இரண்டு வருஷம் கழித்து ஊருக்குக் கிளம்புகிறாள். நேபாள எல்லையில் பிடிக்கிறார்கள். இரண்டு மாதம் அடைத்து வைத்து விசாரிக்கிறார்கள். "நான் படிக்கப் போயிருந்தேன், அரசியல் எதுவும் செய்யவில்லை" என்று அவள் சொல்ல, அவள் தட்டிய அரட்டைகளின் அச்சுப் பிரதியை மேசையில் எடுத்துப் போடுகிறார்கள்.

அவள் தலைவி இல்லை, பெரிய போராளி இல்லை. நம் வீட்டுப் பெண்கள் கஸ்டமர் கேரில் உட்காருவது மாதிரி ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண். பெரிய மனிதரைப் பிடிக்க வலை போடுகிறவன் அவரைச் சுற்றி இருக்கிற டைப்பிஸ்ட், டிரைவர், அக்கா மகள் எல்லோரையும் சேர்த்துத்தான் போடுவான். பலவீனமான கதவு எதுவோ அதுதான் அவனுக்கு வாசல். மணல் லாரியை மறித்தவர், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறவர், சங்கச் செயலாளர் என்று உங்கள் போனில் எத்தனை பேர் நம்பர் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், நீங்கள் யாருக்கும் வேண்டாதவர் என்று.

இன்னொன்று. "தெரியாத லிங்க்கைத் தொடாவிட்டால் போதும்" என்று நினைப்பவர்கள் பெகாசஸ் பற்றிப் படிக்க வேண்டும். இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் செய்த உளவு மென்பொருள் அது. 2019இல் வாட்ஸ்அப்பில் இருந்த ஒரு ஓட்டையைப் பயன்படுத்தி சுமார் 1,400 பேருடைய போன்கள் குறிவைக்கப்பட்டன. ஒரு வாட்ஸ்அப் அழைப்பு வந்தால் போதும். நீங்கள் எடுக்கக்கூட வேண்டாம். இந்தியாவில் குறிவைக்கப்பட்டவர்கள் 121 பேர் என்று வாட்ஸ்அப் நம் அரசுக்குத் தெரிவித்தது.

அந்த நிறுவனம் என்ன சொல்கிறது? "அரசுகளுக்கு மட்டும்தான் விற்கிறோம்" என்கிறது. நம் அரசு என்ன சொன்னது? வாங்கினோம் என்றும் சொல்லவில்லை, வாங்கவில்லை என்றும் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் கேட்டபோது, தேசப் பாதுகாப்பு, விரிவாகச் சொல்ல முடியாது என்றது. தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் நீதிமன்றம் கையைக் கட்டிக்கொண்டு உட்காராது என்று கூறி, 2021 அக்டோபர் 27 அன்று நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் ஒரு குழு போட்டது உச்ச நீதிமன்றம். 2022 ஆகஸ்டில் முடிவு வந்தது. 29 போன்களைப் பார்த்ததில் 5 போன்களில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாகத் தலைமை நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் தெரிவித்தார். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று நமக்குப் பாடம் எடுக்கிறவர்கள், அதே பழமொழியை அங்கேயும் ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் அதே விவகாரத்தில் வாட்ஸ்அப் வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில் என்.எஸ்.ஓ. பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருஷம் ஜூரி 16 கோடி டாலருக்கு மேல் தண்டத்தொகை விதித்தது. நீதிபதி அதைப் பெருமளவு குறைத்தார், ஆனால் வாட்ஸ்அப் பக்கமே வரக்கூடாது என்று தடை போட்டார். வழக்குப் போட்ட கம்பெனிக்கு நீதி கிடைத்தது. குறிவைக்கப்பட்ட நம் 121 பேருக்கு?

"தீவிரவாதியைப் பிடிக்க வேண்டாமா? கண்காணிக்கக் கூடாது என்கிறீர்களா?" இது நியாயமான கேள்வி. மருமகன் போலீஸ் வேலையில் இருக்கிற வீட்டிலிருந்து வந்த கேள்வி. அதனால் பொறுப்பாகவே பதில் சொல்கிறேன்.

கண்காணிக்கலாம். அதற்குச் சட்டம் இருக்கிறது. உள்துறைச் செயலர் மட்டத்தில் எழுத்தில் உத்தரவு வேண்டும், ஒரு குழு அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 1996 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் விதி வகுத்தது. தபால்காரர் கையிலிருந்து ஒரு கடிதத்தை வாங்கி, உத்தரவோடு பிரித்துப் படிப்பது ஒன்று. என் கையெழுத்து மாதிரி ஒரு கடிதம் எழுதி, ராத்திரி என் வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போவது இன்னொன்று. முதலாவதைச் சட்டத்துக்குள் செய்யலாம். இரண்டாவதுக்கு எந்த நாட்டிலும் சட்டம் கிடையாது. ஒருவரின் கருவிக்குள் முழுசாகப் புகுந்துவிடுகிற மென்பொருளில் இந்த இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை. அதனால்தான் இது பழைய ஒட்டுக்கேட்பு மாதிரி இல்லை என்கிறேன்.

இதில் நாட்டுக்கும் ஆபத்துத்தான். பூட்டு உடைகிற ரகசியம் ஒருவனுக்குத் தெரிந்தால் அவனோடு நிற்காது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்று ஒரு வைரஸ் உலகத்தை ஆட்டியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் முடங்கின. சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாயின என்று கணக்கிட்டார்கள். அது பரவப் பயன்பட்ட ஓட்டை எது தெரியுமா? அமெரிக்க உளவு நிறுவனம் கண்டுபிடித்து, மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல் தனக்கென்று வைத்துக்கொண்ட ஓட்டை. பிறகு அந்தக் கருவி வெளியே கசிந்தது. போலீஸுக்கென்று வைத்த கள்ளச்சாவியில் திருடன் ஆஸ்பத்திரிக்குள் போனான்.

நம்மூர்க் கூடங்குளத்தையே பாருங்கள். 2019 அக்டோபரில் அணு மின் நிலையக் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று செய்தி கசிந்தது. 29ஆம் தேதி நிலையம் மறுப்பு அறிக்கை விட்டது. மறுநாளே, 30ஆம் தேதி, இந்திய அணுமின் கழகம், "ஆமாம், நிர்வாக வேலைக்கு இணையத்தோடு இணைத்த ஒரு கணினியில் இருந்தது, அணு உலையின் கட்டுப்பாட்டு வலைப்பின்னல் தனியானது, அதற்குப் பாதிப்பு இல்லை" என்று ஒப்புக்கொண்டது. தகவல் அவர்களுக்கு வந்ததோ செப்டம்பர் 4. ஏறத்தாழ எட்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. அணு உலை வைத்திருக்கிற நிறுவனத்தின் கணினிக்குள்ளேயே கையை விட முடிகிறது. பாதிரியார் ஒருவரின் பழைய கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? "கணினியில் இருந்தது, அதனால் அவருடையதுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வது? கூடங்குளம் கணினியில் வைரஸ் இருந்ததே, அதை அந்த அதிகாரி வைத்தார் என்றா வழக்குப் போட்டோம்?

சரி டீச்சர், என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்பீர்கள். நான் கேட்பது நாலு விஷயம்.

முதலாவது, முத்திரை. பொதுத்தேர்வு முடிந்ததும் விடைத்தாள் கட்டை எப்படி அனுப்புவோம்? எல்லோர் கண் முன்னாலும் எண்ணி, கட்டி, அரக்கு முத்திரை வைத்து. கணினிக்கும் அப்படி ஒரு முத்திரை உண்டு. ஹாஷ் மதிப்பு என்பார்கள். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழிலேயே இந்த எண்ணை எழுத வேண்டும். நல்லது. ஆனால் பறிமுதல் செய்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே கணக்கிட்டு, நகலோடு உரியவர் கையில் கொடுக்க வேண்டும். கட்டிய பிறகு கட்டு மாறவில்லை என்பதற்குத்தான் முத்திரை சாட்சி. கட்டுவதற்கு முன்னால் உள்ளே யார் என்ன வைத்தார்கள் என்று அது சொல்லாது. அதனால்தான் இரண்டாவது.

இரண்டாவது, கணினியில் கிடைத்த கோப்பை மட்டுமே நம்பி ஒருவரை உள்ளே வைப்பதாக இருந்தால், அந்தக் கணினிக்குள் வேறு யாரும் புகுந்தார்களா என்று காவல்துறையின் கீழ் வராத ஓர் ஆய்வகம் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜாமீன் மனுவுக்கு முன்னால் சொல்ல வேண்டும். ஆள் செத்த பிறகு வேண்டாம்.

மூன்றாவது, உளவு மென்பொருள் வாங்கினால் நாடாளுமன்றக் குழு ஒன்றிடமாவது கணக்குச் சொல்ல வேண்டும். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், மத்திய அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு முழு விலக்குக் கொடுக்க 17ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பூட்டு வாங்கிவிட்டு சாவியை வாசலில் மாட்டுகிற கதை இது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். இன்று இந்தக் கருவி கையில் இருப்பவன் நாளை எதிர்க்கட்சி. அவனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நான்காவது உங்களுக்கும் எனக்கும். இதற்குச் சட்டம் வேண்டாம், நாடாளுமன்றம் வேண்டாம். ஒருவர் வீட்டில், போனில், கணினியில் ஏதோ "கிடைத்தது" என்று செய்தி வரும்போது, "நெருப்பில்லாமல் புகையுமா" என்று எழுதுவதற்கு முன்னால் விரலை நிறுத்துங்கள். புகை போடுவதற்கென்றே மென்பொருள் விற்ற காலம் இது. அந்த நெட்வயர் அரசுகளுக்கென்று செய்த அபூர்வச் சரக்குகூட இல்லை. இணையத்தில் யாரும் விலைக்கு வாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. 2023 மார்ச்சில்தான் அமெரிக்க எஃப்.பி.ஐ. அதை விற்ற தளத்தை முடக்கியது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு நிலத்தகராறு இருந்தால், அவனும் வாங்கியிருக்க முடியும்.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் அனுப்பினால் நான் டீச்சர் இல்லை. போனிலும் கம்ப்யூட்டரிலும் வருகிற அப்டேட்டை, "நாளைக்கு" என்று தள்ளாமல் அன்றே போடுங்கள். ஓட்டைகளை அடைப்பதற்குத்தான் அது வருகிறது. தெரிந்தவர் பெயரில் கோப்பு வந்து, திற, திற என்று அவசரப்படுத்தினால், திறப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போட்டு "நீதான் அனுப்பினாயா" என்று குரலில் கேளுங்கள். மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் இருக்கும் காலேஜ் பிள்ளையைக் கேளுங்கள், ஐந்து நிமிஷ வேலை. அரசு பின்னால் நிற்கிற கூட்டத்தை இது முழுசாக நிறுத்தாது. ஆனால் திறந்து போட்ட வீடாக இருக்க வேண்டாம்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். எழுதும்போது இறந்துபோன அந்தப் பெரியவரை மட்டும் கேலி செய்யாதீர்கள். அவருடைய கொள்கை உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருடைய மடியில் இருந்தது அவர் வைத்ததுதானா என்று அவர் உயிரோடு இருந்தபோது ஒரு நீதிபதி பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. மீதம் இருப்பவர்களுக்காவது அது நடக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்